குவீன் மேரி 2: ஏழு இரவு அட்லாண்டிக்குக்கு எந்த கேபின்?

இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில் குவீன் மேரி 2 பயணிகள் கப்பலில் ஏறினால் நியூயார்க் வரும்வரை நடுவில் ஒரு துறைமுகமும் கிடையாது. ஏழு இரவும் தண்ணீர்தான். "ராத்திரி வந்து தூங்கத்தானே, எந்த கேபினாக இருந்தால் என்ன" என்பது தினம் ஒரு ஊரில் நிற்கும் கப்பலுக்குச் சரி. நிற்காமல் கடக்கும் கப்பலில் கேபின்தான் வீடு. தவறான இடத்தில் எடுத்துவிட்டால், மாற்றக் கேட்கும்போது பெரும்பாலும் காலி இருக்காது.

2004 முதல் இந்தப் பாதையில் ஓடும் குவீன் மேரி 2-ஐ வைத்தே பேசுவோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டெக் 5 (டெக் என்றால் கப்பலின் மாடி), நடுக்கப்பல், இரும்புச் சுவர் பால்கனி. மேல் டெக்குகளின் கண்ணாடித் தடுப்புப் பால்கனியை விட இந்தக் கப்பலுக்கும் இந்தக் கடலுக்கும் இதுதான் பொருத்தம்.

நான்கு வகை கேபின்கள் உண்டு. ஜன்னலே இல்லாத உள் கேபின், சுமார் 160 சதுர அடி. திறக்க முடியாத ஜன்னல் வைத்த வெளி கேபின். 'ஷெல்ட்டர்டு பால்கனி' (காற்றுக்கு மறைவான பால்கனி) என்று விற்கப்படும் இரும்புச் சுவர் பால்கனி: டெக் 4, 5, 6-இல் கப்பலின் உடல் தகட்டிலேயே பெரிய திறப்பு வெட்டி, அதற்குள் பால்கனியை வைத்திருப்பார்கள். இது பால்கனியோடு சேர்த்து 250 சதுர அடியை ஒட்டி வரும். கடைசியாக டெக் 8-லிருந்து மேலே இருக்கும் வழக்கமான பால்கனி. 'சூட்' எனப்படும் பெரிய தொகுப்பு அறைகளின் விலை வேறு உலகம், அதை விட்டுவிடலாம்.

பலர் பார்ப்பது விலை, பரப்பளவு, காட்சி. தூக்கத்தையும் சாப்பாட்டையும் தீர்மானிப்பது இவை எதுவும் இல்லை, கேபின் கப்பலில் எங்கே இருக்கிறது என்பதுதான். பஸ்ஸில் கடைசி சீட் தூக்கிப் போடும், நடு சீட் போடாது. அதே கதைதான், இங்கே பஸ் 345 மீட்டர் நீளம்.

கணக்காகவே பார்க்கலாம். அலையில் கப்பலின் மூக்கு ஏறி இறங்கும் முன்பின் ஆட்டம் வெறும் 2 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து 20 மீட்டர் தள்ளிப் படுத்திருப்பவர் 70 சென்டிமீட்டர் ஏறி, அதே அளவு இறங்குவார். 100 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு அது மூன்றரை மீட்டர். முன்கோடியில், 150 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு ஐந்து மீட்டருக்கு மேல். அதாவது ஒன்றரை மாடி உயரம் மேலே போய் அதே அளவு கீழே வருவது, இரவு முழுக்க. குமட்டலைக் கிளப்புவது பெரும்பாலும் இந்த மேல்கீழ் அசைவுதான். கப்பலின் பக்கவாட்டில் நீளும் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தை நன்றாகவே அடக்கும். முன்பின் ஆட்டத்தை அவற்றால் எதுவும் செய்ய முடியாது. அதனால் 'இப்போதைய கப்பல்களில் ஆட்டமே தெரியாது' என்று விற்பவர் சொன்னால், அது பாதி உண்மை.

உயரத்துக்கும் இதே கணக்கு. பக்கவாட்டில் 3 டிகிரி சாய்ந்தால், சுழலும் அச்சுக்கு 8 மீட்டர் மேலே இருப்பவர் 40 சென்டிமீட்டர் நகர்வார், 30 மீட்டர் மேலே இருப்பவர் ஒன்றரை மீட்டர். டெக் 11-இல் அதிகப் பணம் கொடுத்து வாங்குவதில் இந்த ஒன்றரை மீட்டரும் சேர்த்தி.

ஆக, நடுவிலும் இருக்க வேண்டும், கீழேயும் இருக்க வேண்டும். ஜன்னல் கேபின் அடிபடுவது இங்கேதான். இந்தக் கப்பலில் அவை பெரும்பாலும் முன்கோடியை ஒட்டியும் பின்பக்கமும் இருக்கின்றன. நடுப்பகுதியின் கடலோர இடத்தை இரும்புச் சுவர் பால்கனிகள் பிடித்துக்கொண்டுவிட்டன. விலை குறைவு என்று முன்பக்க ஜன்னல் கேபினை எடுத்தால், ஆட்டம் அதிகமான இடத்தைத் தேடிப் போய் வாங்கினதாக ஆகும்.

சரி, நடுக்கப்பலில் டெக் 4, 5, 6 மூன்றிலும்தான் இரும்புச் சுவர் பால்கனி இருக்கிறதே, ஏன் 5? சத்தத்துக்காக. டெக் 7-இன் நடுப்பகுதியில் கிங்ஸ் கோர்ட் பஃபே இருக்கிறது. அதற்கு நேர் கீழே டெக் 6. காலை உணவுக்கு நாற்காலி இழுபடும் சத்தமும் தள்ளுவண்டி உருளும் சத்தமும் கூரை வழியே இறங்கும். டெக் 4-க்குக் கீழே டெக் 3, அது பொது இடங்களின் டெக். டெக் 5-க்கு மட்டும் மேலேயும் கேபின், கீழேயும் கேபின். கப்பலில் முன்னிருந்து பின்னாக ஏ, பி, சி, டி என்று நான்கு படிக்கட்டுகள். பி-க்கும் சி-க்கும் நடுவில் பாருங்கள். படிக்கட்டை ஒட்டியே வேண்டாம், நான்கைந்து கதவு தள்ளி எடுங்கள். வரைபடத்தில் பக்கத்து அறையோடு இணையும் கதவுக்குத் தனிக் குறி இருக்கும். அந்தக் கதவு வழியாகப் பக்கத்து அறையின் டிவி வரை கேட்கும். தவிர்த்துவிடுங்கள்.

இரும்புச் சுவர் பால்கனிக்கு ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கைப்பிடிச் சுவர் முழு இரும்பு. நாற்காலியில் உட்கார்ந்தால் தெரிவது வானம்தான், கடலைப் பார்க்க எழுந்து நிற்க வேண்டும். உட்கார்ந்தபடியே கண்ணாடி வழியாகக் கடல் தெரிய வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் மேல் டெக்தான் வழி. ஆனால் அங்கே எத்தனை நாள் உட்கார முடியும் என்று பாருங்கள். மேற்கு நோக்கிப் போகும்போது காற்று பெரும்பாலும் எதிரில். கப்பலின் வேகம் 20 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), எதிர்க்காற்று 25 நாட் என்றால், பால்கனியில் அடிப்பது 45 நாட், மணிக்கு 83 கிலோமீட்டர். நாற்கரச் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் போகிற காற்று, அதுவும் குளிர்காற்று. புத்தகம் நிற்காது, காபி நிற்காது. இரும்புச் சுவருக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு காபியை முழுசாகக் குடித்து முடிக்கலாம். 'ஷெல்ட்டர்டு' என்ற பெயர் அங்கே உண்மையாகிறது.

மேல் டெக்தான் வேண்டும் என்பவர்கள் டெக் 8-ஐ மட்டும் கவனமாகப் பாருங்கள். உயிர்காப்புப் படகுகள் அங்கேதான் பல கேபின்களின் பார்வையை மறைக்கின்றன. விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

எந்தப் பக்கம்? மேற்கே போகும்போது தெற்கு இடப்பக்கம், வெயிலும் அங்கே. நியூயார்க்கிலிருந்து திரும்பும்போது வலப்பக்கம். வடக்குப் பார்த்த பால்கனி நாள் முழுக்க நிழலும் ஈரமுமாக இருக்கும்.

உள் கேபினை மட்டமாகச் சொல்ல மாட்டேன். கையில் பணம் குறைவு என்றால் முன்பக்க ஜன்னலை விட டெக் 5 நடுவில் உள்ள உள் கேபின் எவ்வளவோ மேல். வெளிச்சமே இல்லாததுதான் சிக்கல். மேற்கே போகையில் ஐந்து இரவு கடிகாரம் ஒவ்வொரு மணி பின்னால் போகும். இருட்டறையில் உடம்புக்கு எது காலை என்றே தெரியாது. கப்பலின் முன்பக்கக் கேமரா காட்டும் டிவி சேனலைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் படுத்தால் விடியும்போது அறையிலும் விடியும். டெக் 5, 6-இல் மைய முகப்புக் கூடத்தைப் பார்க்கும் ஜன்னலோடு சில உள் கேபின்கள் உண்டு. நல்ல இடம்தான், ஆனால் வருவது விளக்கு வெளிச்சம், அதனால் திரையை மூடியே வைக்க வேண்டியிருக்கும். தனியாகப் போகிறவர்கள் 2016 புதுப்பிப்பில் டெக் 2, 3-இல் சேர்த்த 15 ஒற்றையர் அறைகளை முதலில் கேளுங்கள். ஜன்னலும் உண்டு, நீர்மட்டத்துக்கும் கிட்டே.

இவ்வளவு பார்த்துவிட்டு விலை குறைந்த 'கேரண்டி' கட்டணத்தில் பதிவு செய்தால் எல்லாம் வீண். அதில் வகை மட்டும்தான் உறுதி. டெக்கையும் கேபின் எண்ணையும் அவர்கள் கடைசியில் தருவார்கள், முன்கோடியும் வரலாம். மிச்சமாகும் தொகையை ஏழு இரவால் வகுத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

நூறு நாளைத் தாண்டும் உலகச் சுற்றுப் பயணத்துக்கு இதே தீர்ப்பை அப்படியே நீட்ட மாட்டேன். வெப்பமண்டலக் கடலில் ஆட்டமும் காற்றும் குறைவு, துறைமுகங்கள் நிறைய. அங்கே கண்ணாடித் தடுப்பின் பக்கம் தராசு சாயலாம். கடல் ஒத்துக்கொள்வதும் ஆளுக்கு ஆள் வேறு. முன்கேபினில் அசந்து தூங்குகிறவர்களும் உண்டு.

எந்த கேபின் எடுத்தாலும் முதல் மாலையே அலமாரியைத் திறந்து காலி ஹேங்கர்களைக் கழற்றிக் கீழே வையுங்கள். ஆட்டத்தில் அவை ஒன்றோடொன்று டக் டக்கென்று இடிக்கிற சத்தம் நடுராத்திரியில் சுத்தியல் மாதிரி கேட்கும். கிறீச்சிடும் இழுப்பறைக்கு மடித்த காகிதம் ஒன்று போதும். நம்மூர் உருண்டை முனை பிளக் அங்கே நுழையாமல் போகலாம். பிரிட்டிஷ் மூன்று முனை, அமெரிக்க இரண்டு முனை துளைகள் இருக்கும், எனவே அடாப்டரைக் கைப்பையிலேயே வையுங்கள். பெரிய பெட்டி கேபினுக்கு வந்து சேர சாயங்காலம் ஆகிவிடும்.