கஞ்சா வரி: விலைக்கா, எடைக்கா, வீரியத்துக்கா?

அமெரிக்காவில் எந்த மாநிலத்தில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் பேச்சு எழுந்தாலும், அடுத்த கேள்வி "வருஷத்துக்கு எவ்வளவு தேறும்?" என்பதுதான். உடனே ஓர் அறிக்கை வரும், அதில் கண்ணைப் பறிக்கிற ஒரு தொகை இருக்கும். வரி எத்தனை சதவீதம் என்று எல்லோரும் அடித்துக்கொள்வார்கள், எதன் மேல் வரி என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

முதலில் விலை மேல் வரி. கொலராடோ 2014 ஜனவரியில் கடையைத் திறந்தது. மொத்த விற்பனையில் 15%, சில்லறையில் தனியாக ஒரு வரி (இப்போது அதுவும் 15%). கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் சட்டபூர்வமானதும் கஞ்சா விலை சரியும், அதுவும் மளமளவென்று. ஒளிந்து வளர்த்ததைப் பண்ணையில் பகிரங்கமாக வளர்த்தால் செலவு குறையும்தானே. 2015-ல் அங்கே மொத்த விலை பவுண்டுக்கு (சுமார் 450 கிராம்) 2,000 டாலரை ஒட்டி இருந்தது, 2023 தொடக்கத்தில் 700-க்கும் கீழே. அதே 15% முன்பு பவுண்டுக்கு 300 டாலர் கொடுத்தது, அப்போது 105 கூடத் தேறவில்லை. 2021-ல் 42 கோடி டாலரைத் தொட்ட மாநில வருமானம் 2024-ல் 26 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. கொரோனா கால வீக்கம் வடிந்ததும், பக்கத்து மாநிலங்கள் கடை திறந்ததும்கூடக் காரணம்தான், ஆனால் விலைச் சரிவுதான் பெரிய அடி.

சரி, அப்படியானால் எடை மேல் போடலாமே? விலை என்ன ஆனாலும் அவுன்ஸுக்கு இவ்வளவு என்று வாங்கிவிடலாம். அலாஸ்கா அப்படித்தான் செய்தது, புகைக்கிற பூமொட்டுக்கு அவுன்ஸுக்கு 50 டாலர். கலிபோர்னியாவில் 2009-ல் வந்த ஒரு மசோதாவும் இதே 50 டாலரைத்தான் சொன்னது, வருஷத்துக்கு 140 கோடி டாலர் வரும் என்று மாநில வரித்துறை கணக்குப் போட்டது. மறு வருஷமே ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், வரிக்கு முந்தைய விலை 80 சதவீதத்துக்கும் மேல் விழக்கூடும், அப்போது வரி ஏய்ப்புக்கு ஆசை எவ்வளவு பெருகும் என்பதைப் பொறுத்து இந்தத் தொகை தலைகீழாக மாறும் என்று எச்சரித்தார்கள். மசோதா நிறைவேறவில்லை. ஆனால் 2018-ல் கடைகள் திறந்தபோது 15% சில்லறை வரியோடு எடை வரியும் சேர்ந்தே வந்தது: மொட்டுக்கு அவுன்ஸுக்கு 9.25 டாலர், 2022-ல் 10.08. பவுண்டுக்கு 16 அவுன்ஸ், ஆக 161 டாலர் சொச்சம். திறந்தவெளியில் வளர்த்த சரக்கு சில நூறு டாலருக்கு விழுந்த சமயத்திலும் விவசாயிக்கு அதே 161. அங்கே கஞ்சா விளைச்சலுக்குப் பேர்போன ஹம்போல்ட் பக்கத்துச் சிறு விவசாயிகள் போட்ட கூச்சலுக்குப் பிறகு 2022 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள். அரசுக்கு நிலையான வருமானம், ஆனால் விலை விழும் சுமை முழுக்க விவசாயி தலையில். கள்ளச்சந்தைக்குப் போகாதே என்று அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

மூன்றாவது, வீரியத்தின் மேல். சாராயத்துக்கு வரி போடுகிற தர்க்கம்தான். நியூயார்க் மொட்டில் டிஎச்சி (போதை தருகிற வேதிப்பொருள்) ஒரு மில்லிகிராமுக்கு அரை சென்ட், தின்பண்டத்தில் 3 சென்ட் என்று விதித்தது. 20% டிஎச்சி உள்ள ஒரு கிராமுக்கு ஒரு டாலர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, போதைக்கேற்ற வரி. ஆனால் ஆய்வகச் சீட்டில் உள்ள எண்ணே வரியைத் தீர்மானிக்கிறது என்றால் கணக்கு எவ்வளவு சிக்கலாகும்! கடைசியில் 2024 ஜூனில் அதைக் கைவிட்டு மொத்த விலையில் 9% என்று மாற்றிக்கொண்டார்கள். இல்லினாய் கொஞ்சம் சாமர்த்தியம்: மில்லிகிராம் எண்ணாமல் விலையில் 10, 20, 25 சதவீதம் என்று மூன்றே படி.

இவற்றுக்கெல்லாம் அப்பால் இன்னொன்று உண்டு, கடை இருக்கிறதா என்பது. வாஷிங்டன் மாநிலம் சில்லறையில் 37% வாங்கியும் வருஷத்துக்கு 45-55 கோடி டாலர் பார்க்கிறது. ஐந்து மடங்கு மக்கள்தொகை கொண்ட கலிபோர்னியாவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 100 கோடிதான், ஏனென்றால் அங்கே பாதிக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் சில்லறைக் கடையையே அனுமதிக்கவில்லை.

என் ஓட்டு இல்லினாய் மாதிரியான படி வரிக்குத்தான், எடை வரியைத் தொடவே மாட்டேன். பென்சில்வேனியாவில் ஆளுநர் ஷப்பிரோ 2024-ல் முன்வைத்தது மொத்த விலையில் 20%, நிலைபெற்றதும் வருஷத்துக்கு 25 கோடி டாலருக்கு மேல் வரும் என்ற கணக்கோடு. நம்ம ஆட்கள் எல்லை தாண்டிப் போய் வாங்குகிறார்கள் என்ற அவர் வாதம் சரிதான், சுற்றிலும் மேற்கு வர்ஜீனியா தவிர எல்லா மாநிலத்திலும் கஞ்சா சட்டபூர்வம். ஆனால் அந்த 25 கோடி, பவுண்டு என்ன விலை விற்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு என்பதை அங்கே யாராவது கேட்டுவிட்டால் நல்லது.