புழு மருந்து என்று செப்பை அனுப்பினார்கள்: உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் கவனம்

38,500 ரூபாவும் போய், தொட்டியும் செத்துப்போன ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் சிலபேர்தான் இருப்போம். அந்தச் சிலபேராவது காசு அனுப்ப முதல் இதை ஒருதரம் வாசியுங்கள். தொட்டியில் பெருகும் முள்ளுப்புழுவை ஒழுங்காக எடுக்கும் முறையையும் கீழே எழுதுகிறேன்.

எனது தொட்டி 60 கலன். காளான் கோரல் என்ற பவள உயிர், பூப்போல விரியும் கடல் உயிரான ஒரு அனிமோன், வெள்ளைக்கோடு போட்ட இறால்கள், நத்தைகள், ஒரு சோடி நீமோ. கிளிநொச்சி வெயிலில் தண்ணீரை 26 பாகையில் வைத்திருப்பதே பெரிய பாடு. 2022 இல் ரூபா விழுந்ததிலிருந்து தொட்டிக்குப் போடும் உப்பின் விலையையும் கேட்கவே வேண்டாம். அப்படி வளர்த்த தொட்டியில் முள்ளுப்புழு பெருகிவிட்டது. கடைக்காரர்கள் பிரிஸில் வோர்ம் என்பார்கள். இரவில் லைட்டை அணைத்துவிட்டு டோர்ச் அடித்தால் கல்லின் ஓட்டைகளுக்குள் இருந்து இளஞ்சிவப்பாக நெளிந்துகொண்டு வரும், இரண்டு பக்கமும் வெள்ளை மயிர்போல முள். தொட்டால் அந்த முள் தோலுக்குள் ஒடிந்து நின்று எரியும்.

இணையத்தில் கடல்மீன் விற்கும் ஒரு பக்கத்துக்குச் செய்தி போட்டேன். பெயர் எழுதவில்லை. தென்பகுதியில் இருந்து பஸ்ஸில் பார்சல் அனுப்புகிற ஆட்கள் என்பது மட்டும் போதும்.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்தவரையும் அந்த இடத்தில்தான் பிடிப்பார்கள். அந்தப் பக்கத்தில் இருந்து பதில் போட்டவர் உடனே விலை சொல்லவில்லை. “அண்ணை, உப்பு அளவு எவ்வளவு வைச்சிருக்கிறீங்கள்? 1.025 ஆ? தொட்டி எத்தனை கலன்? இறால் இருக்கா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வேறு எந்தக் கடையிலும் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. தன்னுடைய தொட்டி என்று ஒரு வீடியோ அனுப்பினார், கோரல் எல்லாம் பூத்துக் குலுங்குகிறது. விஷயம் தெரிந்த பொடியன், நம்மட தமிழ்ப் பொடியன் என்று மனம் இறங்கிவிட்டது. “இது ரீஃப் சேஃப் அண்ணை. கோரலுக்கும் இறாலுக்கும் ஒண்டும் செய்யாது, புழு மட்டும்தான் சாகும். பிறகு மிச்சப் புழுவைத் தின்ன ரெண்டு சிக்ஸ் லைன் ராஸ் மீன் விடுங்கோ, திரும்பி வராது” என்றார். மருந்து 12,000, மீன் இரண்டும் 24,000, பொதி செய்து பஸ்ஸில் போட 2,500. மொத்தம் 38,500 ரூபா, முழுக்க முன்பணம். பார்சல் ஏற முதல் காசு ஏற வேண்டுமாம்.

வந்த போத்தலில் லேபிள் இல்லை. உள்ளே இளநீலத் தண்ணீர். கேட்டால், பெரிய கானில் இருந்து பிரித்துத் தருகிறோம், அதனால்தான் மலிவு என்றார். மீன் பையைத் திறந்தால் ஒன்று செத்து மிதக்கிறது. மற்றது சிக்ஸ் லைனே இல்லை. சிக்ஸ் லைனுக்கு செம்மஞ்சள் உடம்பில் நீலக்கோடு ஆறு ஓடும். இது நீல உடம்பில் ஒரேயொரு கறுப்புப் பட்டி போட்ட கிளீனர் ராஸ். மற்ற மீன்களின் உடம்பில் இருக்கும் ஒட்டுண்ணியைக் கொத்தித் தின்கிற மீன் அது. முள்ளுப்புழுவைத் திரும்பியும் பார்க்காது.

மருந்தை அவர் சொன்ன அளவிலேயே விட்டேன். விடியும்போது இறால்கள் எல்லாம் பக்கவாட்டில் கிடந்தன. நத்தைகள் கண்ணாடியில் இருந்து கழன்று விழுந்திருந்தன. அனிமோன் கரைந்து தொங்கியது. கல்லுக்குள் செத்த புழுக்கள் அழுக அழுக நாற்றம் வீட்டுக்குள் இருக்கவிடவில்லை, அமோனியா ஏறிவிட்டது. நீமோ சோடியை மட்டும் வாளிக்கு மாற்றிக் காப்பாற்றினேன். மகள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று தொட்டியடியிலேயே இருந்துவிட்டாள்.

யாழ்ப்பாணத்தில் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் செப்பு அளக்கும் டெஸ்ட் கிட் இரவல் வாங்கிப் பார்த்தால், செப்பு! மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தனித் தொட்டியில் வைத்துக் கொடுக்கிற மருந்து அது. இறால், நத்தை, கோரல் இருக்கும் தொட்டிக்கு நஞ்சு. செப்பு உப்பான மயில்துத்தத்தின் கரைசலாகத்தான் இருக்கும் என்றார் அவர். இறால் இருக்கா என்று வாயால் கேட்டுவிட்டுத்தானே இதை அனுப்பினான்! அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன் எடுத்தால் முதலில் “உங்கட வன்னித் தண்ணிதான் பிழை அண்ணை, கல்லுத் தண்ணி” என்றான். நான் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீரில்தான் உப்புக் கலக்கிறேன் என்று முன்னமே சொல்லியிருக்கிறேன். பிறகு அளவு கூட விட்டிருப்பீர்கள் என்றான். செத்த மீனுக்கு பஸ்காரனைக் கேட்கச் சொன்னான். மாறி வந்த மீனுக்கு, “அதுவும் ராஸ்தானே” என்று பதில். கல்லெல்லாம் பழுதாகிவிட்டதே என்றால், “மன்னாரில கடல் பக்கம்தானே, புதுக்கல் எடுத்துப் போடுங்கோ” என்கிறான். கடலில் முருகைக்கல் எடுப்பது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம் என்று தெரியாதவனா மீன் விற்கிறான்? 38,500 ரூபாவில் பாதியையாவது தா என்றேன். முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். அதற்குப் பிறகு செய்தி பார்த்ததற்கான நீலக்கோடு மட்டும் வரும், பதில் வராது. இப்போது அதுவும் இல்லை, பிளொக்.

சரி, முறை எழுதுகிறேன் என்றேன். விரிவாக எழுத இப்போது மனம் இல்லை, அவசரமானதை மட்டும் சொல்கிறேன். முள்ளுப்புழுவில் பெரும்பாலானவை மிச்சச் சாப்பாட்டைத் தின்று வாழ்பவை, கோரலைத் தொடாதவை. பெருகினால் சாப்பாடு கூடுகிறது என்று அர்த்தம், முதலில் அதைக் குறையுங்கள். சின்ன ஓட்டை போட்ட குழாய்க்குள் இறால் துண்டு வைத்து இரவில் தொட்டிக்குள் வையுங்கள், புழு உள்ளே போகும், விடிய எடுத்துவிடலாம். வெறும் கையால் தொடவேண்டாம், முள் ஏறினால் ஒட்டும் டேப்பை ஒட்டி இழுங்கள். லேபிள் இல்லாத போத்தலை, யார் தந்தாலும், தொட்டிக்குள் விடவேண்டாம். புழுவை மட்டும் கொன்று இறாலை விட்டுவைக்கும் என்று சொன்னால் என்ன மருந்து என்று பெயரைக் கேளுங்கள், பெயர் சொல்லாவிட்டால் போனை வையுங்கள். மீனை வீடியோவில் பார்த்த பிறகு பேசுங்கள். முழுக்காசையும் முன்னமே போடவேண்டாம், பற்றுச்சீட்டு இல்லாமல் எதையும் வாங்கவும் வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடப் போனால் அந்தச் சீட்டு கையில் இருக்க வேண்டும்.

செப்பு ஒருதரம் விழுந்த கல்லையும் மணலையும் கோரல் தொட்டிக்குத் திரும்பப் பாவிக்க வேண்டாம். கல் செப்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெதுமெதுவாகத் தண்ணீருக்குள் விடும். கிளிநொச்சிப் பக்கம் யாராவது என்னிடம் பழைய கல் மலிவாக இருக்கிறதா என்று கேட்டு வரவேண்டாம், ஒரு துண்டும் தரமாட்டேன்.