மைடா 1806: ரெய்னியரா ஸ்டுவர்ட்டா, அகல அணியா ஆழ அணியா

லண்டனில் மைடா வேல் என்றொரு பகுதி உண்டு. இத்தாலியின் கால்விரல் நுனியில், கலாப்ரியாவில் இருக்கும் ஒரு சிற்றூரின் பெயர் அங்கே போய் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் ஒரே ஒரு காலைப்பொழுது. 1806 ஜூலை 4 அன்று அந்த ஊருக்குக் கீழே, லமாட்டோ ஆற்றுச் சமவெளியில், ஒரு பிரிட்டிஷ் படையும் ஒரு பிரெஞ்சுப் படையும் மோதின. இரு பக்கமும் ஐந்தாயிரத்துக்குச் சற்று மேல். நெப்போலியனின் பெரும்போரான ஆஸ்டர்லிட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் இது கைகலப்பு. ஆனாலும் போர்முறை பற்றிப் பேசுகிறவர்கள் இதை விடுவதில்லை. "இரண்டு வரிசை அகல அணி, பிரெஞ்சு ஆழ அணியை உடைத்தது" என்ற பிரபலமான வாதத்துக்கு முதல் சான்றாக நெடுங்காலம் நின்றது மைடாதான். அகல அணி என்பது வீரர்களைப் பக்கவாட்டில் நீளமாக விரிப்பது, ஆழ அணி என்பது குறுகிய முகப்போடு ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவது. சான்று சரியானதா என்பதை அணிகளை வைத்தும், வெற்றி யாருடையது என்பதைத் தளபதிகளை வைத்தும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டையும் குழப்புவதால்தான் தவறான முடிவுகள் வருகின்றன.

எதிரெதிரே நின்ற இருவர்

பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கிய ஜான் ரெய்னியர் லோசானில் பிறந்த சுவிஸ்காரர். அப்போது அவருக்கு வயது 35. நெப்போலியனுடன் எகிப்துக்குப் போனவர், படிப்பாளி, கணக்குப் போட்டு நடப்பவர். 1801 மார்ச் 21 அன்று அலெக்சாண்ட்ரியாவில் பிரெஞ்சுப் படை தோற்றபோது அங்கே இருந்தார். தலைமைத் தளபதி மெனுவோடு அவருக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் மெனு அவரைக் கைதுசெய்து கப்பலேற்றி பிரான்ஸுக்கு அனுப்பிவிட்டார். ஊர் திரும்பிய பிறகு ஜெனரல் தெஸ்டாங்கை ஒற்றைச் சண்டையில் கொன்றதும் இவரே. திறமைசாலி, ஆனால் ராசி கெட்டவர் என்ற பெயர் அவர் பின்னாலேயே வந்தது.

பிரிட்டிஷ் தளபதி ஜான் ஸ்டுவர்ட் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பிறந்தவர். அதே அலெக்சாண்ட்ரியாவில் பிரிட்டிஷ் பக்கத்தில், வெளிநாட்டு வீரர்கள் அடங்கிய பிரிகேடு என்ற பெரிய படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிப் பேர் வாங்கியவர். தனிப்பட்ட தைரியத்தில் குறை கிடையாது. குறை வேறு இடத்தில் இருந்தது. மைடாவில் படையின் குவாட்டர்மாஸ்டர் ஜெனரலாக (தங்குமிடம், நகர்வு ஏற்பாடுகளைக் கவனிக்கும் அதிகாரியாக) இருந்த ஹென்றி பன்பரி பின்னாளில் எழுதியதைப் படித்தால், சண்டை நடந்தபோது ஸ்டுவர்ட் அதை நடத்தியவராகத் தெரியவில்லை, வேடிக்கை பார்த்தவராகத் தெரிகிறார். பன்பரிக்கு அவரைப் பிடிக்காது என்பதற்காகக் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தாலும், அன்றைய நிகழ்வுகள் பன்பரி சொல்வதோடுதான் ஒத்துப்போகின்றன.

இறங்குவதா, மேட்டிலேயே இருப்பதா

பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி சிட்னி ஸ்மித்தின் கப்பல்படைத் துணையோடு ஜூலை 1 அன்று ஸ்டுவர்ட் சாந்த் எவுஃபேமியா வளைகுடாவில் கரையிறங்கினார். ரெய்னியர் தெற்கே ரெஜ்ஜோ பக்கத்திலிருந்து விரைந்து வந்து, மைடாவுக்குக் கீழே மரங்கள் அடர்ந்த மேட்டில் இடம் பிடித்தார். முன்னால் லமாட்டோ ஆறு. அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி, அங்கேயே உட்கார்ந்திருப்பது. ஸ்டுவர்ட்டிடம் குதிரைப்படை கிடையாது. உணவும் குண்டுமருந்தும் படகில் வந்து மணலில் இறங்க வேண்டும், அங்கிருந்து சுமந்துபோக வண்டிமாடு போதாது. கரையோரச் சமவெளி சதுப்பு நிலம், ஜூலையில் மலேரியா பேர்போன இடம். கலாப்ரிய விவசாயிகள் திரண்டு வருவார்கள் என்று ஸ்டுவர்ட் நம்பினார், வந்ததோ சில நூறு பேர். ஒரு வாரம் போனால் அவர் மேட்டின்மீது ஏறித் தாக்க வேண்டும், இல்லையென்றால் கப்பலேற வேண்டும். இரண்டுமே ரெய்னியருக்கு லாபம்.

இரண்டாவது வழி, இறங்கி வந்து கடலுக்குள் தள்ளுவது. இதற்கும் நியாயம் உண்டு. பிரெஞ்சுப் படைக்குப் பின்னால் இருந்தது பகை நாடு. தாமதித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடக்கும் கிளர்ச்சி ஊர் ஊராகப் பற்றிக்கொள்ளும். கையில் இருந்த சில நூறு குதிரை வீரர்களுக்குச் சமவெளிதான் பயன். நான்காம் தேதி காலையில் ஸ்டுவர்ட்டே கடலோரமாக நகர்ந்து பிரெஞ்சுப் படையின் இடப்பக்கத்தைச் சுற்ற முயல்வதைக் கண்டதும், ரெய்னியர் ஆற்றைக் கடந்து இறங்கினார்.

எங்கள் கணிப்பில் முதல் வழியே மேல். ஆனால் அவர் தோற்றது இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததால் மட்டும் அன்று, அதைச் செய்த விதத்தால். படையைப் படிக்கட்டுபோல் அடுக்கினார்: இடப்பக்கம் எல்லோருக்கும் முன்னால் கொம்பேரின் பிரிகேட் (1ஆம் லெஜேர், 42ஆம் லீன்; லெஜேர் என்றால் இலகு காலாட்படை ரெஜிமென்ட், லீன் என்றால் வழக்கமான காலாட்படை ரெஜிமென்ட்), நடுவில் சற்றுப் பின்தள்ளி பேரியின் போலந்து, சுவிஸ் பட்டாலியன்கள், வலப்பக்கம் இன்னும் பின்னால் திகோனேயின் 23ஆம் லெஜேரும் குதிரைப்படையும் பீரங்கிகளும். படிக்கட்டு அணியில் ஒரு வசதி உண்டு: முதல் படி வென்றால், அடுத்த படி எதிரியின் விலாவில் இறங்கும். கெடுதலும் அதிலேயே இருக்கிறது. முதல் படி உடைந்தால், அது ஓடிவரும் பாதையில் இரண்டாம் படி நிற்கிறது. மைடாவில் இந்தக் கெடுதல்தான் நடந்தது. முதல் படிக்கு அவர் வைத்ததோ படையின் தேர்ந்த இரண்டு ரெஜிமென்ட்கள்.

பிரிட்டிஷ் பக்கமும் படிக்கட்டுதான், வலப்பக்கம் முன்னால்: கெம்ப்டின் இலகு காலாட்படை, அடுத்து ஆக்லாந்து (78, 81ஆம் ரெஜிமென்ட்கள்), பிறகு கோல் (தேர்ந்தெடுத்த கிரனேடியர் வீரர்கள், 27ஆம் ரெஜிமென்ட்), பின்னால் துணைப்படையாக ஆஸ்வால்ட். ஆகவே இரு படைகளின் முதல் படிகளும் ஆற்றோரத்தில் நேருக்கு நேர் வந்தன.

அகல அணியும் ஆழ அணியும்: கணக்கு

600 பேர் கொண்ட ஒரு பட்டாலியனை எடுத்துக்கொள்வோம். இரண்டு வரிசையில் நிறுத்தினால் 300 பேர் அகலம். ஆளுக்கு 22 அங்குலம் என்றால் முன்முகம் ஏறத்தாழ 180 கெஜம், 600 மஸ்கட் துப்பாக்கியும் சுடும். அதே 600 பேரை மூன்று வரிசையில் நிறுத்தினால் 200 பேர் அகலம். மூன்றாம் வரிசைக்காரன் சுட்டால் முன்னால் நிற்பவன் காது போகும், சில சமயம் கையும் போகும். ஆக உருப்படியாகச் சுடுவது 400. மூன்று வரிசைத் துண்டுகளை மூன்றாக ஒன்றன்பின் ஒன்று அடுக்கி ஆழ அணியாக்கினால், முன்முகத்தில் 67 பேர், சுடக்கூடியது 130 சொச்சம்.

ஆழ அணி அப்படியானால் எதற்கு? நடப்பதற்கு. 180 கெஜம் அகலமுள்ள வரிசை வரப்பு, புதர், ஓடை எதையும் கடந்தால் நடுவில் வளையும், ஓரம் பிய்யும். சரிசெய்ய நின்று நின்று போக வேண்டும். ஆழ அணி சந்துபொந்தில் நுழைந்து வேகமாகப் போகும், புதிய ஆட்களுக்குத் தோளோடு தோள் நிற்கும் தெம்பும் கிடைக்கும். எதிரியை நெருங்கியதும் விரித்து அகல அணியாக்கிச் சுட வேண்டும் என்பதுதான் பிரெஞ்சுப் பயிற்சிநூலின் எண்ணம். விரிக்க நேரம் தப்பினால், 130 மஸ்கட் 600 மஸ்கட்டுக்கு முன்னால் மாட்டிக்கொள்ளும்.

இந்தக் கணக்கை மைடாவுக்குப் பொருத்திப் பிரபலமாக்கியவர் வரலாற்றாசிரியர் சார்லஸ் ஓமன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கணக்கு சரி, இடம்தான் தவறு. கொம்பேரின் ரெஜிமென்ட்கள் அன்று அகல அணியில் விரிந்தே தாக்கின என்பது ரெய்னியரின் சொந்த அறிக்கையிலேயே இருக்கிறது. சில ஆண்டுகளில் ஓமனே தன் கூற்றைத் திருத்திக்கொண்டார். ஆனால் முதலில் சொன்னது பரவிய வேகத்தில் திருத்தம் பரவவில்லை, இன்றும் பழைய படமே சுற்றுகிறது.

அப்படியென்றால் உடைத்தது எது

அகல அணிக்கு எதிராக அகல அணி. அதிலும் 1ஆம் லெஜேர் கெம்ப்டின் ஆட்களைப்போல் இரு மடங்கு. மூன்று வரிசையில் நின்றும் பிரெஞ்சு முன்முகமே நீளம். காகிதத்தில் கெம்ப்ட் தோற்க வேண்டும். அவரிடம் இருந்ததோ பல ரெஜிமென்ட்களின் இலகு கம்பெனிகளைப் பிரித்தெடுத்துச் சேர்த்த கலவைப் பட்டாலியன்.

வேறுபாடு எப்போது சுடுவது என்பதில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் சுடாமல் பயனெட்டோடு (துப்பாக்கி முனையில் செருகிய கத்தியோடு) ஓடி நெருங்கும் முறையில் வந்தார்கள். கெம்ப்ட் நடுவழியில் நிறுத்தி, முதுகில் கட்டியிருந்த போர்வைகளைக் கழற்றிப் போடச் சொன்னார். தூரத்திலிருந்து பார்த்த பிரெஞ்சுக்காரர்களுக்கு அது தடுமாற்றமாகத் தெரிந்தது, இன்னும் வேகமாக வந்தார்கள். முதல் வேட்டு சுமார் 150 கெஜத்தில், இரண்டாவது 80இல், மூன்றாவது 20, 30 கெஜத்தில் என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரிசை.

இது சாத்தியமா என்று பார்ப்போம். நிமிடத்துக்கு 120 அடிவைப்பு, ஒவ்வொன்றும் 65 சென்டிமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 85 கெஜம். 150இலிருந்து 80க்கு வர 50 விநாடி, 80இலிருந்து 30க்கு 35 விநாடி. தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்து, கொஞ்சம் மருந்தைக் கிண்ணியில் இட்டு மூடி, மீதியைக் குழலில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் கம்பியால் இடித்து, கம்பியைத் திரும்பச் செருகி, துப்பாக்கிக் குதிரையை (சுத்தியலை) இழுத்துக் குறிவைக்கப் பழகிய கைக்கு 20 விநாடி போதும். ஆகவே மூன்று வேட்டுக்கு நேரம் தாராளம். மிச்ச விநாடிகளில்தான் விஷயம் இருக்கிறது: சுடாமல் காத்திருப்பது. பிரிட்டிஷ் வீரர்களின் மஸ்கட்டான பிரவுன் பெஸ்ஸின் குழல் உள்விட்டம் 19 மில்லிமீட்டர், குண்டு அதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் சிறியது. குழலுக்குள் தட்டித் தட்டி வெளியே வரும் குண்டு 150 கெஜத்தில் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. முதல் வேட்டின் பயன் குறைவு. மூன்றாவதைத் தவறவிடவே முடியாது. பதற்றத்தில் 60 கெஜத்தில் அதைச் சுட்டுவிட்டு, கம்பியைக் குழலுக்குள் விட்டபடி நிற்பதுதான் காலாட்படைக்குப் பெரிய ஆபத்து. அதற்கு இடம் கொடுக்காத பயிற்சியும், வீரர்களோடு நெருக்கமாக நின்ற அதிகாரிகளும் கெம்ப்டுக்கு இருந்தார்கள்.

எதிரே கொம்பேர் காயம்பட்டுச் சிறைப்பட்டார். சுடாமல் வந்த வரிசைக்குப் பதில் சொல்ல வழியில்லை. மோதுவதற்கு முன்பே குலைந்து திரும்பியது. 42ஆம் லீன் ஆக்லாந்தின் பிரிகேடிடம் அதே பாடுபட்டது.

கெம்ப்ட் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். ஓடியவர்களைத் துரத்திக்கொண்டு அவருடைய ஆட்கள் மைடா மேடுவரை போய்விட்டார்கள். மீதிச் சண்டைக்கு அந்தப் பட்டாலியன் இல்லாததுபோலத்தான். ஆற்றோரப் பக்கம் திறந்தே கிடந்தது. ரெய்னியரிடம் அந்த நேரம் கையில் ஒரு புதிய பட்டாலியன் இருந்திருந்தால் கதை வேறு. எல்லாவற்றையும் படிக்கட்டில் அடுக்கிவிட்டதால் தனியாகத் துணைப்படை என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

சிவப்புச் சட்டைக் குழப்பம்

நடுவில் போலந்துக்காரர்கள் சீக்கிரம் கலைந்தார்கள். பிரெஞ்சு சேவையில் இருந்த சுவிஸ் பட்டாலியன் நின்றது. அவர்கள் உடுப்பு சிவப்பு. பிரிட்டிஷ் சேவையிலும் ஒரு சுவிஸ் ரெஜிமென்ட், வாட்டவில், களத்தில் இருந்தது. புகையில் ஸ்காட்லாந்துப் படையான 78ஆம் ஹைலாண்டர்கள் எதிரே வருவது வாட்டவில் என்று நினைத்துச் சுடுவதை நிறுத்த, நெருங்கி வந்தவர்களின் வேட்டு நெஞ்சில் விழுந்தது. அந்த 78, இரண்டாம் பட்டாலியன், பெரும்பாலும் 21 வயது நிரம்பாத பையன்கள். அதே ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் மராத்தியருக்கு எதிரான அசாயி போரில் மதராஸ் சிப்பாய்களோடு நின்றது. பையன்கள் தடுமாறினாலும் ஓடவில்லை.

இடப்பக்கத்தைக் காத்தவர்

உண்மையான நெருக்கடி கோலுக்குத்தான். திகோனேயின் 23ஆம் லெஜேர் நிதானமாக நின்று சுட, குதிரைப்படை கோலின் இடப்பக்கத்தைச் சுற்ற வந்தது. கோல் இடது ஓரத்தைப் பின்னுக்கு மடக்கி நின்றார். அதற்கு மேல் நீட்ட ஆள் கிடையாது. அன்று காலைதான் கரையிறங்கிய 20ஆம் ரெஜிமென்ட் வேட்டுச் சத்தத்தை நோக்கி விரைந்து வந்து சேர்ந்தது. ராபர்ட் ராஸ் புதர்களுக்கு ஊடாக அதைக் கொண்டுபோய்க் குதிரைப்படையின் விலாவில் வைத்துச் சுட்டார். குதிரைகள் விலகின, திகோனே ஒழுங்காகப் பின்வாங்கினார். இதற்கு ஸ்டுவர்ட்டின் உத்தரவு ஏதும் தேவைப்படவில்லை. இந்த ராஸ்தான் 1814இல் வாஷிங்டனுக்குத் தீவைத்தவர்.

பிரிட்டிஷ் இழப்பு 45 பேர் சாவு, 282 பேர் காயம். பிரெஞ்சு இழப்பு, சிறைப்பட்டவர்களையும் சேர்த்து, சுமார் 2,000.

வென்ற பிறகு

ஆட்களை நகர்த்தும் திறனில் ரெய்னியர் ஒரு படி மேல். தோற்ற படையைக் கலைந்துபோக விடாமல், பகை நாட்டின் வழியே கொண்டுபோய்ச் சேர்த்தது சாதாரண வேலையன்று. ஸ்டுவர்ட்டுக்கு வாய்த்தது நான்கைந்து நல்ல பிரிகேடியர்களும் ராஸும். துரத்த அவரிடம் குதிரை இல்லை, அது மன்னிக்கக்கூடியது. கடற்கரைக்குத் திரும்பிய கோலின் வீரர்கள் குளித்துக்கொண்டிருந்தபோது யாரோ "பிரெஞ்சுக் குதிரைப்படை" என்று கத்த, துப்பாக்கியும் கச்சையும் மட்டுமாக அம்மணமாய் வரிசை கட்டி நின்றார்கள். தூசி கிளப்பியது எருமைக் கூட்டம்.

மன்னிக்க முடியாதது அடுத்த முடிவு. வடக்கே கயேட்டா கோட்டை பல மாதங்களாக முற்றுகையில் தவித்தது. கப்பல்படை பக்கத்தில் இருந்தது. ஒரு பகுதிப் படையை அங்கே அனுப்பினால் முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி மாசேனாவின் கைகள் கட்டப்பட்டிருக்கும். ஸ்டுவர்ட் தெற்கே திரும்பிச் சில்லா போன்ற சிறு காவற்படைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜூலை 18 அன்று கயேட்டா சரணடைந்தது, மாசேனா கலாப்ரியா பக்கம் திரும்பினார். ஸ்டுவர்ட்டுக்கு மைடா பிரபு என்ற பட்டம் கிடைத்தது.

ரெய்னியருக்கு 1810 செப்டம்பர் 27 அன்று போர்ச்சுகலின் புசாக்கோவில் மறுபடி பிரிட்டிஷ் அகல அணி எதிரே வந்தது. அங்கே அவருடைய ஆட்கள் மெய்யாகவே ஆழ அணியில், செங்குத்துச் சரிவில், மூச்சுவாங்க ஏறினார்கள். உச்சியில் விரிக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. ஓமனின் கணக்குக்கு உதாரணம் தேடுகிறவர்கள் மைடாவை விட்டுவிட்டு அந்தச் சரிவுக்குப் போகலாம்.