இசபெல்லா பிளான்டேஷனுக்கு எந்தப் பூவை நம்பிப் போவது?

லண்டன் ரிச்மண்ட் பூங்காவுக்குள், மான்கள் நுழையாதபடி வேலியிடப்பட்ட 40 ஏக்கர் வனத்தோட்டம்தான் இசபெல்லா பிளான்டேஷன். 1830களில் நடப்பட்ட மரக்காட்டின் நிழலில் பின்னாளில் அமைத்த இந்தத் தோட்டம், 1953 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது; நுழைவுக் கட்டணம் இல்லை. வசந்தத்தில் ஒரே ஒரு நாள்தான் வாய்க்கும் என்றால் மரத்தில் பூக்கும் மக்னோலியா, தரையோடு பூக்கும் புளூபெல், புதராக வளரும் அசேலியா ஆகிய மூன்றில் எதற்காக அந்த நாளைக் குறிப்பது என்ற கேள்வி, ஊரிலிருந்து அத்தை வந்திருந்தபோது எங்கள் வீட்டில் எழுந்தது. நான் அசேலியாவையே தேர்ந்தெடுத்தேன்.

மக்னோலியா மார்ச் மாதத்துப் பூ. இலையே இல்லாத கிளையில் உள்ளங்கை அளவுக்கு மலர்ந்து நிற்கும் அதன் அழகைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் ஒரே ஓர் இரவு உறைபனி விழுந்தால் போதும், மறுநாள் இதழ்களெல்லாம் தேநீர்க் கறை பட்டதுபோலப் பழுப்பேறிவிடும். இதற்கென்று நான் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன், அன்று பார்த்ததும் அந்தப் பழுப்பைத்தான் என்பதால், என் தீர்ப்பில் கொஞ்சம் மனத்தாங்கலும் கலந்திருக்கலாம்.

புளூபெல்லின் நிலை வேறு. மரங்கள் முழுதாகத் தழைத்து வெளிச்சத்தை மறைப்பதற்குள் பூத்து முடிக்க வேண்டிய அவசரம் அதற்கு. ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அதன் மென்மையான மணத்துக்கு அசேலியாவிடம் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் நீலக் கம்பளமாய் விரிந்ததைத்தான் காண வேண்டும் என்பவர்கள், கட்டணம் செலுத்தி அருகிலுள்ள கியூ தாவரவியல் தோட்டத்தின் சார்லட் அரசி குடிலைச் சுற்றிய காட்டுப் பகுதிக்குப் போவதே நல்லது. எங்கு போனாலும் பாதையை விட்டு இறங்கக் கூடாது. மிதிபட்ட இலையால் கிழங்குக்கு உணவு சேர்க்க முடியாது. அது மீண்டு வர ஆண்டுகள் ஆகும்.

அசேலியாவுக்கு என் வாக்கு போனதற்கு முதன்மையான காரணம் நிறமல்ல, நாள் கணக்கில் அது காட்டும் தாராளம். வார இறுதியில் மட்டுமே ஓய்வு கிடைக்கும் குடும்பத்துக்கு, பூக்கும் நாளைத் துல்லியமாகக் கணிப்பது நடக்கிற காரியமல்ல. தாவர சேகரிப்பாளர் எர்னஸ்ட் வில்சன் ஜப்பானின் குருமே நகரத்து அசேலியாக்களிலிருந்து தேர்ந்தெடுத்த 50 வகைகளின் தேசியத் தொகுப்பு இங்கேதான் இருக்கிறது. இத்தனை வகைகளும் ஒரே நாளில் மலர்வதில்லை; போதாக்குறைக்கு வெயில் படும் கரையில் இருப்பது முந்திக்கொள்ள, ஓக் நிழலில் இருப்பது பிந்துகிறது. ஏப்ரல் இறுதியும் மே தொடக்கமும் உச்சம் என்றாலும், ஒரு வாரம் முன்பின்னாகப் போனாலும் வெறுங்கையோடு திரும்ப நேராது. நாங்கள் போன சனிக்கிழமை ஸ்டில் பாண்ட் குளக்கரையின் ஒரு புதரில் இலையே தெரியாத அளவுக்குப் பூ. அதற்கு அடுத்த புதரில் அரிசி மணி பருமனில் மொட்டுகள். உதிர்ந்த இதழ்கள் நீரில் ஒரு மூலையாக ஒதுங்கிக் கிடந்தன. முழங்கால் வலியோடு வந்திருந்த அத்தைக்கு, பூக்கள் கண் மட்டத்துக்குச் சற்றே கீழே, குனியாமல் பார்க்கும் உயரத்தில் இருந்தது பெரிய வசதி. நீலகிரிச் சோலைகளில் மரமாக வளரும் காட்டுப் பூவரசும் அசேலியாவின் பேரினத்தைச் சேர்ந்ததுதான் என்று சொன்னபோது, இத்தனை குட்டையாகவா என்று கேட்டார்.

குறையும் உண்டு. இளஞ்சிவப்பும் ஊதாவும் செம்மஞ்சளும் அடுத்தடுத்து நிற்பது, ஜவுளிக்கடையில் புடவைகளைப் பிரித்துப் போட்டதுபோலச் சிலருக்குக் கண்ணை உறுத்தும். நான் முகர்ந்து பார்த்த எந்தக் குருமே வகையிலும் மணம் இல்லை. வார இறுதியில் கூட்டம் சேர்ந்துவிடும் என்பதால் காலையிலேயே போய்விட வேண்டும்.

அடுத்த மார்ச்சில் மக்னோலியாவுக்கும் ஒரு நாள் ஒதுக்கப்போகிறேன், முந்தைய இரவின் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு.