குன்னூரில் கார் ஏசி பார்க்கும் ஒரு சின்னக் கடை

மலையில் இருப்பவனுக்கு கார் ஏசி எதற்கு என்று கேட்பவர்கள் மே மாதம் மத்தியானம் பர்லியாரைத் தாண்டி கல்லாறு வரை இறங்கிப் பார்க்கட்டும். என் வண்டியில் ஏசி போட்டால் வெறும் காற்றுதான் வந்தது. கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில் (பெயர் வேண்டாம்) ஒரே வருடத்தில் இரண்டு தடவை ஏசிக்குக் குளிரூட்டும் கேஸ் அடித்தார்கள், தடவைக்கு 1,800 ரூபாய். மூன்றாவது தடவை போனபோது அந்தக் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரே போச்சு, 22,000 ஆகும் என்றார்கள்.

அப்புறம்தான் குன்னூரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே, ஒற்றை ஷட்டர் கடைக்குப் போனேன். கதையைக் கேட்டுவிட்டு அந்த அண்ணன் சொன்னது: "கேஸ் என்ன பெட்ரோலா தம்பி, ஓட ஓடத் தீர்றதுக்கு? குறையுதுன்னா எங்கயோ லீக்கு."

இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடச் சொல்லி, பானெட்டுக்குள் காதை வைத்தார். கம்ப்ரஸரை இன்ஜினோடு சேர்க்கும் கிளட்ச் ஒட்டும் 'டக்' சத்தம் இல்லை. ஃபியூஸ் சரி, ரிலேயை மாற்றிப் போட்டும் அதேதான். இன்ஜினை அணைத்து அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினால் முள் 22 பிஎஸ்ஐயில் நின்றது. காலை நேரம், 18 டிகிரி இருக்கும். அந்தக் குளிரில் ஆர்134ஏ என்கிற இந்த ஏசி கேஸ் 60 பிஎஸ்ஐக்கு மேல் காட்டவேண்டுமாம், அதே வண்டி மேட்டுப்பாளையம் வெயிலில் நின்றால் 100-ஐத் தாண்டுமாம். கேஸ் இவ்வளவு குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாது. ஆக, கம்ப்ரஸர் சாகவில்லை, ஓட அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

லீக்கைக் காட்டிக்கொடுக்கும் டை (சாயம்) கலந்து கொஞ்சம் கேஸ் ஏற்றி, ஓட்டிவிட்டு மறுநாள் வரச் சொன்னார். நீல டார்ச் அடித்ததும் கிளட்ச் தட்டுக்குப் பின்னால் பச்சையாக ஒரு வளையம் மின்னியது: ஷாஃப்ட் சீல், அதாவது கம்ப்ரஸர் தண்டைச் சுற்றிக் கேஸ் கசியாமல் அடைப்பது. மாதக்கணக்கில் ஏசி போடாமலே ஓட்டினால் ஆயில் சுற்றாமல் சீல் காய்ந்துவிடும், மலை வண்டிகளுக்கு இதே வியாதி என்றார். வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் போட்டாலே போதுமாம். மூடுபனியில் கண்ணாடி வியர்க்கும்போது போட்டால் இரண்டு வேலையும் முடிந்துவிடும், நான்தான் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சீல், ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாற்றி, உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி 40 நிமிடம் வாக்குவம் போட்டார். வாக்குவம் காட்டும் முள் 24 இன்ச்சைத் (பாதரச அளவு) தாண்டவில்லையே என்று கேட்டேன். இந்த உயரத்தில் காற்றழுத்தமே குறைவு, 29 எல்லாம் கீழேதான் வரும் என்று சிரித்தார். பம்பை நிறுத்தி முள் நகரவில்லை, லீக்கு இல்லை என்று பார்த்த பிறகே, பானெட் ஸ்டிக்கரில் இருந்த 430 கிராமைத் தராசில் நிறுத்து ஏற்றினார். மொத்தம் 4,200 ரூபாய், கழற்றிய பழைய சீலையும் கையில் கொடுத்தார்.

குறை என்றால், போன் எடுக்கவே மாட்டார், பில் கேட்டால் துண்டுச்சீட்டுதான். காலை எட்டரைக்குள் போய்விடுங்கள், இல்லாவிட்டால் சரிவில் டயருக்குக் கல் வைத்துத்தான் வண்டியை நிறுத்தவேண்டும்.