வெயில் வராத வீட்டில் நாற்று வளர்க்க எந்த விளக்கு?

மடிப்பாக்கத்தில் எங்கள் வீடு முதல் தளம். பால்கனிக்கு நேர் எதிரே பக்கத்து அடுக்குமாடியின் சுவர். காலையில் முக்கால் மணி நேரம் சாய்வாக வெயில் விழும், அவ்வளவுதான். மொட்டை மாடி இருக்கிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே வைக்கும் விதைத் தட்டு பிழைப்பதில்லை. தை பிறக்கும்போது மிளகாய், கத்தரி நாற்று தயாராக வேண்டுமென்றால் மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள்தான் வளர்க்க வேண்டும். அதற்காக மூன்று வகை விளக்குகளையும் வாங்கிப் பயன்படுத்திவிட்டேன்.

முதலில் வாங்கியது கத்தரிப்பூ நிறத்தில் எரியும் க்ளிப் லைட். பெட்டியில் 80 வாட் என்று போட்டிருந்தது. ப்ளக்கில் செருகும் மீட்டரில் பார்த்தால் 18 வாட்தான் இழுத்தது. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சும் என்பது உண்மை; அதை வைத்துத்தான் இந்த நிறம். ஆனால் செடி பச்சை ஒளியையும் பயன்படுத்துகிறது. அது இலைக்குள் இன்னும் ஆழமாகவே போகும். 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள ஒளி (ஊதாவிலிருந்து சிவப்பு வரை) முழுவதும் அதற்கு உணவு தயாரிக்க உதவும். எனக்குப் பெரிய குறையாகப் பட்டது வேறு. அந்த வெளிச்சத்தில் இலை மஞ்சளாவது தெரியாது, மாவுப்பூச்சி வந்தாலும் கண்ணில் படாது. என் தக்காளி நாற்று பத்தே நாளில் நூல் மாதிரி நெட்டையாகிச் சாய்ந்தது. மேசையில் ஒரே ஒரு மணிபிளாண்ட் இருந்தால் இது போதும். நாற்றுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது சாதாரண வெள்ளை எல்இடி டியூப். எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கிற 4 அடி, 20 வாட், 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; இது நீலம் கலந்த வெள்ளை). இரும்பு அலமாரியின் மேல் தட்டுக்கு அடியில் இரண்டைக் கட்டி, கீழே இரண்டு நாற்றுத் தட்டுகளை நீளவாக்கில் வைத்தேன். இதன் பலமே நெருக்கத்தில்தான் இருக்கிறது. சூடு குறைவு என்பதால் இலைக்கு ஒரு சாண் மேலேயே தொங்கவிடலாம். சின்ன பல்பைத் தூரத்தை இரண்டு மடங்காக்கி வைத்தால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். நீண்ட டியூபில், அருகில் இருக்கும்வரை, ஏறக்குறைய பாதிதான் குறையும். 6500 கெல்வினில் நீலம் தூக்கல், அதனால் தண்டு குட்டையாக, உறுதியாக வருகிறது.

போனில் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) காட்டும் ஆப் இருந்தால் தட்டின் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளை எல்இடிக்கு லக்ஸை 70ஆல் வகுத்தால் செடிக்குக் கிடைக்கும் ஒளி, மைக்ரோமோல் கணக்கில் (ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் ஒளித்துகள்களின் அளவு) தோராயமாக வந்துவிடும். எனக்கு 9,000 லக்ஸ், அதாவது சுமார் 130 மைக்ரோமோல். நாற்றுக்கும், இளசாகப் பறிக்கும் வெந்தயக் கீரைக்கும் தாராளம். (ஊதா விளக்குக்கு இந்தக் கணக்கு செல்லாது. லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு. சிவப்பையும் நீலத்தையும் அது குறைத்தே காட்டும்.) இரண்டு டியூபையும் தினம் 14 மணி நேரம் எரித்தால் இரண்டு மாத பில்லில் சுமார் 34 யூனிட்.

மூன்றாவது, செடிக்கென்றே வரும் வெள்ளை எல்இடி போர்டு. இடையிடையே 660 நானோமீட்டர் சிவப்பு டையோடுகள் இருக்கும். நல்ல போர்டு ஒரே வாட்டுக்கு டியூபைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பயனுள்ள ஒளி தரும். உண்மையாகவே 100 வாட் இழுக்கும் போர்டு இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மிளகாயைக் காய்க்கவே வைத்துவிடும். ஆனால் விலை அதிகம். தினம் 12 மணி நேரம் எரித்தால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். ஓர் ஆள் எந்நேரமும் அறையில் உட்கார்ந்திருப்பது போன்ற சூடு வேறு. கத்திரி வெயிலில் அது கூடுதல் சுமை. போர்டுதான் வேண்டுமென்றால் டைமர் போட்டு இரவில் எரிய விடுங்கள். பகலில் இருட்டாக இருந்தால் செடி ஒன்றும் சொல்லாது.

சிஎஃப்எல், சோடியம் விளக்கு இரண்டையும் இனி புதிதாக வாங்க வேண்டாம். முன்னதில் ஒளி போதாது, பின்னது சென்னை வீட்டுக்குள் அடுப்பு.

என் முடிவு டியூப்தான். காய்ப்பு வரை கொண்டுபோக மேலே மாடி இருக்கும்போது, போர்டுக்குச் செலவழிக்க எனக்குக் காரணமில்லை. மாடியே இல்லாதவர்கள் போர்டு வாங்கலாம். வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, எத்தனை வாட் இழுக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம், மழை விட்டதும் நாற்றை நேராக வெயிலில் வைத்துவிடாதீர்கள். 9,000 லக்ஸில் வளர்ந்த இலைக்கு உச்சி வெயிலின் 1 லட்சம் லக்ஸ் தாங்காது, வெளுத்துக் கருகும். முதல் நாலு நாள் தண்ணீர்த் தொட்டி நிழல், அடுத்த மூன்று நாள் காலை வெயில் மட்டும்.