பழுப்பு முத்திரைத் தாள்: சின்ன ஊர் வங்கி நோட்டு ஒன்று வாங்கலாமா?

திருகோணமலையில் பழைய தாள் சேர்க்கிறவர்கள் இலங்கை அரசாங்கத் தாள்களை ஓரளவு நிரப்பி முடித்ததும் அடுத்ததாகக் கேட்பது இதைத்தான்: தனியார் வங்கி தன் பெயரிலேயே அடித்த தாள் ஒன்று கைக்கு எட்டுமா?

இலங்கைத் தாள் என்றால் எட்டாது. ஓரியண்டல் பேங்க் கோப்பரேஷன் 1884 மே 3ஆம் திகதி கதவைச் சாத்தியது. 1869இல் கோப்பியில் கண்ட இலைத்துரு நோய் தோட்டங்களை அழித்தது. தோட்டங்களுக்குக் கொடுத்த கடன் வங்கியையும் இழுத்துக்கொண்டு போனது. அதன் தாள்களுக்கு ஆளுநர் ஆதர் கோர்டன் அரசாங்கத்தைப் பொறுப்பாக்கினார். 1884ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டப்படி 1885 ஜனவரி 1 தொடக்கம் அரசாங்கமே தாள் வெளியிட்டது. பொறுப்பு ஏற்கப்பட்ட தாளைப் பெட்டிக்குள் பூட்டி வைக்க யாருக்கு மனம் வரும்? கொண்டுபோய் மாற்றினார்கள். மிஞ்சியவை ஏலத்துக்கு வந்தால் பெரிய கைகள் மட்டுமே அங்கே நிற்கும்.

இங்கிலாந்தின் பக்கம் போனால் சமர்செட்டில் வெலிங்டன் என்ற சின்ன ஊர். கம்பளி நெய்த பொக்ஸ் குடும்பம் 1787இல் தொடங்கிய பொக்ஸ், பௌலர் கொம்பனிதான் இங்கிலாந்திலும் வேல்சிலும் சொந்தத் தாள் வெளியிட்ட கடைசித் தனியார் வங்கி. 1921இல் லொயிட்ஸ் வங்கி அதை வாங்கியதோடு அந்த உரிமையும் போனது. அழகான ஐந்து பவுண் தாள்தான், விலையைக் கேட்டால் ஆசை அடங்கிவிடும்.

ஆகவே மிஞ்சுவது அமெரிக்க நேஷனல் வங்கித் தாள். அதிலும் 1929 வரிசை, பழுப்பு முத்திரை. இந்த மதிப்பீடு அதைப் பற்றியது. அதிகம் புழங்கிய வங்கி ஒன்றின் பத்து அல்லது இருபது டொலர் தாள், நடுத்தரத் தரத்தில், நூறு அமெரிக்க டொலருக்கு அங்குமிங்கும் கிடைக்கும். அந்தக் காசுக்கு இது நல்ல சாமான். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

இந்தத் தாள்களுக்கு அடிப்படை 1863இல் வந்த சட்டம். ஊரில் வங்கி தொடங்குகிறவர்கள் அமெரிக்க அரசாங்கக் கடன் பத்திரங்களை வாங்கி வொஷிங்டனில் திறைசேரியில் ஈடு வைப்பார்கள். அந்த ஈட்டுக்கு எதிராகத் திறைசேரி வங்கியின் பெயர் பொறித்த தாள்களை அடித்துக் கொடுக்கும். முதலில் பத்திரப் பெறுமதியில் 90 வீதத்துக்கு. 1900இலிருந்து முழுப் பெறுமதிக்கும். அதே 1900ஆம் ஆண்டுச் சட்டம்தான் 3,000 பேருக்கு மேற்படாத ஊரில் 25,000 டொலர் முதலோடு வங்கி திறக்க வழிவிட்டது. அதற்கு முன் ஆகக் குறைந்தது 50,000 வேண்டும். மூதூரில் கால்வாசிகூட இல்லாத ஊர்களின் பெயரெல்லாம் டொலர் தாளில் ஏறியது இப்படித்தான். வங்கி முறிந்தாலும் தாள் முறியாது, ஈடு திறைசேரியில் கிடக்கிறது. 1884இல் கொழும்பில் ஆளுநர் அவசரமாகத் தலையிட்டுக் கொடுத்த பாதுகாப்பு அங்கே முதல் நாளிலிருந்தே சட்டத்தில் இருந்தது. தாளின் தலைப்பிலேயே அந்தப் பத்திர ஈட்டைப் பற்றிய வரி அச்சாகியிருப்பதைக் கவனியுங்கள். 1935இல் அந்தப் பத்திரங்களை அரசாங்கம் மீட்டுக்கொண்டதோடு ஈடும் இல்லை, புதுத் தாளும் இல்லை. பழைய தாள்கள் இன்றும் செல்லுபடியாகும், செலவழிக்கத்தான் யாரும் துணிய மாட்டார்கள்.

இனித் தாளைக் கையில் எடுப்போம். 156க்கு 66 மில்லிமீற்றர், இன்றைய டொலர் தாளின் அளவேதான். படத்துக்கு இடப்பக்கம் வங்கியின் பெயர், ஊர், மாநிலம் கறுப்பு மையில். கீழே வங்கியின் காசாளர், தலைவர் இருவரின் கையொப்பங்களும் அச்சில். இரு ஓரங்களிலும் நெட்டுக்குத்தாகத் தடித்த கறுப்பு எண், அது வங்கியின் பட்டய எண், அதாவது வங்கி நடத்த அரசாங்கம் கொடுத்த அனுமதியின் எண். முத்திரையும் வரிசை எண்ணும் பழுப்பு.

வரிசை எண்ணில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். முதல் வகைத் தாள் ஆறு ஆறாக ஒரே தகட்டுத் தாளில் அடிக்கப்பட்டது. ஆறுக்கும் ஒரே இலக்கம், முன்னெழுத்து மட்டும் ஏ முதல் எஃப் வரை மாறும், கடைசியிலும் ஓர் எழுத்து இருக்கும். ஒரே வங்கியின் இரண்டு தாளில் 000431 என்று ஒரே எண் கண்டால் கள்ளத்தாள் என்று பதறாதீர்கள், முன்னெழுத்தைப் பாருங்கள். 1933 மே முதல் வந்த இரண்டாம் வகையில் எண் தாளுக்குத் தாள் கூடும், கடைசி எழுத்து இல்லை, பட்டய எண் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் பழுப்பிலும் இன்னொரு முறை வரும். பல சின்ன வங்கிகளுக்கு இரண்டாம் வகை குறைவு, விலையும் கூட. விற்பவர் வகையைச் சொல்லாவிட்டால் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அதிகமாக ஏமாறுவது வேறோர் இடத்தில். 1933இன் வங்கி நெருக்கடியில் அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த பெடரல் ரிசேர்வ் வங்கிகளுக்கென்று இதே தகடுகளில் அவசரமாக அடித்த தாள்களுக்கும் பழுப்பு முத்திரைதான், தலைப்பில் இதே எழுத்துத்தான். அவற்றில் பட்டய எண் இருக்காது, அந்த இடத்தில் ஒற்றை ஆங்கில எழுத்து நிற்கும். வங்கியின் பெயரிலேயே பெடரல் ரிசேர்வ் என்று இருக்கும். கெட்ட தாள் என்றில்லை, ஆனால் அது ஊர் வங்கித் தாள் அல்ல. இன்னொன்று, பட்டய எண் 13044. சான் பிரான்சிஸ்கோவின் பேங்க் ஒஃப் அமெரிக்கா. மலைபோல் கிடக்கும் தாள். கலிபோர்னியா என்று விளம்பரத்தில் அழுத்திச் சொல்வார்கள். சின்ன ஊர் தேடுகிறவருக்கு அதில் ஒன்றுமில்லை. பட்டய எண்ணையும் ஊர்ப்பெயரையும் சேர்த்து இணையத்தில் தேடி, வங்கி எப்போது தொடங்கி எப்போது மூடியது என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

உண்மைத்தாள்தானா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். பத்து மடங்கு பூதக்கண்ணாடி போதும். படமும் பூவேலையும் செதுக்குத் தகட்டு அச்சு. விரலுக்குச் சற்று மேடாகப் படும், கோடுகள் உடையாமல் ஓடும். வங்கிப் பெயர் பிறகு ஏற்றிய அச்சு, அது தட்டையாக இருக்கும். படமே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் நகல். சிவப்பும் நீலமுமான பட்டு இழைகள் காகிதத்துக்குள் புதைந்திருக்க வேண்டும், மேலே அச்சிட்டதாக அல்ல. கடைகளில் ஐயாயிரம் ரூபாய்த்தாள் பார்க்கிற புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தால் பழைய காகிதம் மங்கலாகவே கிடக்கும். வெள்ளை நீலமாகப் பளிச்சிட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

1929க்கு முந்திய பெரிய அளவுத் தாளை முதல் தாளாக வாங்க நாங்கள் சொல்ல மாட்டோம். அவற்றில் வங்கிக்காரர் பேனாவாலோ றப்பர் முத்திரையாலோ ஒப்பமிட்டார்கள். ஊதா முத்திரை மை வெளிச்சத்தில் மங்கும், தண்ணீர் பட்டால் கரையும். மங்கிய ஒப்பத்தின் மேல் புதிதாக எழுதி விற்பவர்களும் உண்டு. 1929 தாளில் ஒப்பமும் அச்சு என்பதால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் கழுவி அழுத்திய தாள்கள் உண்டு. மடிப்புக்கோடு கண்ணுக்குத் தெரிந்தும் கைக்குத் தெரியாவிட்டால், மேட்டுமை சப்பையாகியிருந்தால், அதுதான்.

வாங்கும்போது, தாளின் நிலைக்கு 70 வரை போடும் தரப்புள்ளியில் 20 முதல் 35 வரை போதுமானது. 60க்கு மேல் போனால் விலை தரத்துக்குத்தான், ஊருக்கல்ல. சாதாரணக் கடிதத்தில் நாணயத்தாள் அனுப்ப அஞ்சல் விதி இடம் கொடாது. காப்புறுதியோடு, தாளின் இரு பக்கமும் விறைப்பான மட்டை வைத்து அனுப்பச் சொல்லுங்கள். சுங்கத்துக்கான படிவத்தில் பொருளையும் விலையையும் உள்ளபடி எழுதச் சொல்வதே நல்லது.

வந்த பிறகு இந்த ஊரின் காற்றோடுதான் சண்டை. டைக் வீதிக் கடலோர வீடு என்றாலும் உப்புவெளி என்றாலும் மார்கழி ஈரம் அலுமாரிக்குள்ளும் நுழையும். புத்தகக்கடை அல்பத்தில் புது மழைக்கோட்டு மணம் வந்தால் அது பீவீசி பிளாஸ்டிக். வருடம் போகப் போகப் பிசுபிசுத்து மையோடு ஒட்டும். பொலியெஸ்டர் உறையே பாதுகாப்பு, கிடைக்காவிட்டால் பொலிபுரொப்பிலீன். லமினேட் செய்வதும் செலோடேப் ஒட்டுவதும் தாளைக் கொல்வதற்குச் சமம். பூச்சி உருண்டையும் வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும்.

உறையின் ஒரு குறுகிய பக்கம் திறந்திருக்கட்டும். இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் செம்மஞ்சள் சிலிக்கா ஜெல் மணிகள் ஐம்பது கிராம், அதன் மேல் ஒரு மட்டை, பிறகு தாள். டப்பாவைக் கச்சான் காற்று வீசும் காய்ந்த நாளில் மூடுங்கள். கார்த்திகை மழையில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டியதாகும். மணிகள் பச்சையானால் 120 பாகை செல்சியசில் இரண்டு மணித்தியாலம் ஓவன் அடுப்பில் காய வைத்து, ஆறிய பிறகே திரும்பப் போடலாம்.